கடைசித் தொட்டித் தண்ணீர்

தேவானையைப் போல ஒரு வாயாடியை எங்கள் சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசைகளில் பார்க்க முடியாது. புருஷன் வடிவேலு இன்னொருத்தியோடு போனபோதுகூட, "சனியன் தொலைஞ்சுது, ஒரு ஆள் குளிக்கிற தண்ணி மிச்சம்" என்று சிரித்தவள். எனக்கு அடுத்த குடிசை. கிண்டியில் ஒரே கம்பெனியில் வேலை. நான் பொத்தான் தைப்பேன், அவள் சலவைப் பிரிவு.

அங்கே வெளிநாட்டுக்குப் போகிற ஜீன்ஸைச் சலவைச் சோடா போட்டு வெளுத்து, தொட்டி தொட்டியாக அலசுவார்கள். கடைசித் தொட்டியில் வெறும் தண்ணீர்தான் என்று பேச்சு. லாரி லாரியாகத் தண்ணீர் வரும். அத்தனையையும் குடித்துவிட்டு அந்தக் கால்சட்டைகள் எலும்பாய்க் காய்ந்து கப்பலேறும். துளி ஈரம் இருந்தால் சரக்கையே திருப்பி அனுப்பிவிடுவானாம் வெள்ளைக்காரன். நல்ல கூத்து!

தொண்ணூற்று மூன்று கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வருவதே நின்றுபோனது. அடிபம்பு காற்றைத்தான் கக்கியது. பக்கத்தில் அடையாறு ஓடுகிறது, பேருக்கு. காலை வைத்தாலே சொறி வரும். அந்த நேரம் பார்த்துத்தான் தேவானையின் மகள் கயல் வயசுக்கு வந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பெண் ஓலை மறைப்பை விட்டு வெளியே வரக்கூடாது. ஊற்றத் தண்ணீர் எங்கே? குறித்த நாளும் தாண்டிப்போனது. "இன்னாம்மா, என்னைய இப்டியே வச்சிருப்பியா?" என்று அந்தக் குழந்தை அழுதது என் குடிசைக்குக் கேட்டது.

தேவானை கம்பெனி சூப்பர்வைசர் ராஜரத்தினத்திடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டாள்.

"அது எக்ஸ்போர்ட் தண்ணிம்மா. வெளிய போகக் கூடாது" என்றார்.

கப்பலில் போகலாமாம், சைதாப்பேட்டைக்குப் போகக்கூடாதாம். நாசமாய்ப் போக!

அன்று சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே என்னைக் குடத்தோடு நிற்கச் சொன்னாள். கடைசித் தொட்டியில் சேலையோடு முங்கி, சொட்டச் சொட்ட வந்தாள். சலவைக்காரிகள் நனைந்துதானே வருவார்கள். வாட்ச்மேன் பையை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு விட்டான். சுவருக்குப் பின்னால் முந்தானை, கொசுவம், பாவாடை என்று பிழிந்தெடுத்தோம். கால் குடம் தேறியது.

"பாத்தியா ஜைதூனக்கா, கடசித் தொட்டி. கண்ணாடி மாரி கீது!" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீடு திரும்பியதும் கயலைப் பலகையில் உட்காரவைத்து, பெண்கள் தலைமுதல் கால்வரை மஞ்சள் பூசினார்கள். தேவானை முதல் சொம்பை ஊற்றினாள். மஞ்சள் முழுக்கச் சிவந்துபோனது. சுண்ணாம்பு கலந்த ஆலத்தித் தண்ணீரைப் போல நெற்றியிலிருந்து வழிந்தது. சோடா! பாழாய்ப்போன சோடா கடைசித் தொட்டிவரைக்கும் வந்திருக்கிறது.

"எரியுதும்மா! கண்ணு எரியுது!"

கழுவத் தண்ணீர் வேண்டுமே. என் குடிசைக்கு ஓடினேன். பானையைக் கவிழ்த்தால் ஒரு வாய் இல்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எங்கும் அதே கதைதான். திரும்பி வந்தபோது, தேவானை மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூசி விழுந்த பிள்ளைக்குச் செய்வதுபோல் நாக்காலேயே கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் நாக்கே காஞ்சி கீதேம்மா" என்றது பெண்.