மரக்குற்றியில் நின்ற பிக்கப்

முந்தின நாளே வாகனத்தை எடுத்திருந்தால் தம்பி பிழைத்திருப்பானா? எனக்கே ஒரு மகன் பிறந்துவிட்டான், இன்னும் இதற்குப் பதில் தெரியவில்லை. ஒருநாள் நிச்சயமாகப் பிழைத்திருப்பான் என்று தோன்றும். மறுநாள் அப்பாவின் முகம் நினைவுக்கு வரும். இல்லை, இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எங்களுடையது மலையகத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா தேயிலைத் தோட்டமொன்றில் சாரதியாக இருந்தவர். மரக்கறி வியாபாரி ஒருவர் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட பிக்கப் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே திருத்தி வைத்திருந்தார். எழுபத்தேழில் கலவரம் வந்தபோது அம்மாவையும் என்னையும் அதிலே ஏற்றிக்கொண்டு வடக்கே வன்னிக்கு வந்து சேர்ந்தார். நான் அப்போது மடியில் இருந்த பிள்ளை, எனக்கு ஒன்றும் நினைவில்லை. எங்கள் லயத்து வீடுகளில் வாகனம் இல்லாதவர்களுக்கு என்ன நடந்தது என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. கிளிநொச்சிக்கு அருகே அக்கராயன் பக்கம் காடு வெட்டிக் காணி பிடித்தோம். தம்பி அங்கேதான் பிறந்தான்.

வந்த பிறகு அப்பா அந்தப் பிக்கப்பை ஓட்டுவதை அநேகமாக நிறுத்திவிட்டார். நெல் மூட்டை ஏற்றக் கேட்டாலும் இல்லை, கோயிலுக்குக் கேட்டாலும் இல்லை. கிடுகுக் கொட்டிலுக்குள் முதிரை மரக் குற்றிகளின் மேல் அதைத் தூக்கி நிறுத்தி வைத்தார். பாரம் தாங்கி ஒரே இடத்தில் நின்றால் ரயர் வெடித்துப்போகும் என்பார். வெயில் படாமல் ரயர்களுக்குச் சாக்கு கட்டியிருந்தார். அடிப்பக்கத்தில் கறள் பிடிக்காமலிருக்கக் கழிவு எண்ணெய் பூசுவார். குளவி கூடு கட்டாதிருக்கப் புகைக்குழாய் வாயில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்திருந்தார். நிற்கும் வாகனத்தில் பற்றரி தானாக இறங்கிவிடுகிறதென்று, பழுதான தண்ணீர்ப் பம்பிலிருந்து கழற்றிய சுவிச் ஒன்றை அதன் வயரில் பொருத்தினார். பெற்றோல் வரும் குழாயின் நடுவே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைத்தார். பெற்றோல் தாங்கியிலிருந்து வரும் கறளும் தண்ணீரும் அதன் அடியில் தங்குவதைத் தம்பியும் நானும் மீன்தொட்டி பார்ப்பதுபோலப் பார்த்திருப்போம். பின்பெட்டியில் நாங்கள் உட்காரப் பலகை வாங்கு அடித்து, பிடித்துக்கொள்ளக் கயிறும் கட்டியிருந்தார். தம்பியின் கயிறு மட்டும் அவன் கைக்கு எட்டப் பதிவாக இருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் சிரட்டையை எடுத்துவிட்டு இயந்திரத்தை முடுக்குவார். கியர் போட்டதும் பின்சக்கரங்கள் குற்றிக்கு மேலே அந்தரத்தில் சுழலும். வாகனம் ஓரிடமும் போகாது. பிறகு "ஏறுங்க" என்பார். அம்மா வாங்கின் முன்பக்கத்தில், நான் பின்பக்கத்தில், தம்பி எங்களுக்கு நடுவில். யார் எங்கே என்பது மாறவே கூடாது. கையில் எதையும் எடுத்து வரவும் கூடாது. ஒருமுறை தம்பி கோழிக்குஞ்சு ஒன்றோடு ஏறினான்.

"கோழிக்கு டிக்கட் இல்லடா. எறக்கி விடு" என்றார் அப்பா. அவன் அழுதுகொண்டே இறக்கிவிட்டான்.

எங்களுக்கு அது விளையாட்டு. யாழ்ப்பாணம் போகிற வழியில் பளையில் இறங்குவோம், பரந்தனில் தேத்தண்ணி குடிப்போம். பக்கத்துக் காணி மாமா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தவர். வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிப்பார்.

"என்ன டிரைவர், இண்டைக்கும் ஓடாமலே யாழ்ப்பாணம் போட்டு வந்திட்டியளோ?"

"போயிட்டு வந்தாச்சுங்க. அங்க வெயில் ஜாஸ்தி."

அம்மா மட்டும் அந்த வாங்கில் உட்கார்ந்து ஒருநாளும் சிரித்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை.

எனக்கு எட்டு வயதளவில், ஓர் ஆடி மாதத்தில் வானொலி முழுநாளும் ஊரடங்கு பற்றிச் சொன்னது. தெற்கிலும் மலையகத்திலும் மறுபடி கலவரம். வீதியால் லொறிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் கையிலும் ஒன்றும் இருக்கவில்லை. அப்பா பிக்கப்பைக் குற்றியிலிருந்து இறக்கி, வீதியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். தகரக் கானில் சேர்த்து வைத்திருந்த பெற்றோல் முழுவதையும் தாங்கிக்குள் ஊற்றினார். கிளிநொச்சியில் பெற்றோல் அடிக்கும் செட் பூட்டிக் கிடந்தது. பஸ்ஸும் ஓடவில்லை.

அந்த நாட்களில்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. வன்னியில் மலேரியா வராத வீடு இல்லை. போன மாதமும் அவனுக்கு வந்து, குளிசை விழுங்கியதோடு போயிருந்தது. அதனால் அப்பா பதறவில்லை. இந்த இடத்தில்தான் நான் எப்போதும் தடுமாறுவேன். பதறாதது பிழையா? அதே காய்ச்சலை எத்தனை தடவை பார்த்தவர் அவர்.

அடுத்த நாள் பின்னேரம் தம்பி தண்ணீரைக்கூட விழுங்கவில்லை. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பிக்கப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோங்க. புள்ள கண்ணே தொறக்க மாட்டேங்குது."

"குளிசை குடுத்தாச்சுல்ல, விடியட்டும். இருக்கிற பெற்றோலு இவ்வளவுதான். போயிட்டு வந்து, திடீர்னு கெளம்ப வேண்டி வந்தா என்ன பண்றது?"

"கெளம்பி எங்க போவீங்க? இதுக்கு மேல போனா கடல்தானே இருக்கு."

பக்கத்துக் காணி மாமா படலைக்குள் வந்துவிட்டார். அவர் குரலில் அன்று வழக்கமான பகிடி இல்லை.

"டிரைவர், பெடியனைக் கொண்டு போங்கோ. இஞ்சை ஒருத்தரும் வர மாட்டாங்கள். நான் சொல்லுறன்."

"தோட்டத்துலயும் அப்படித்தாங்க சொன்னாங்க" என்றார் அப்பா.

மாமா படலையைச் சாத்திவிட்டுப் போனார். அம்மா தம்பியோடு உள்ளே திரும்பினார். நான் வாங்கில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் ஏறவில்லை என்பதால் இறங்கி வந்தேன்.

விடிகிற நேரத்தில் தம்பிக்கு வலிப்பு வந்தது. அம்மா கூப்பிட முன்பே அப்பா வாகனத்தில் இருந்தார். முதல் முடுக்கிலேயே இயந்திரம் பிடித்தது. அந்தச் செம்மண் பாதையில் ஒரு இடத்திலும் அது திக்கவில்லை, ரயர் காற்றுப் போகவில்லை, இயந்திரம் சூடேறவில்லை. அப்பா செய்து வைத்திருந்த ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்தது. அம்மா வாங்கில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கிளிநொச்சிக்கு இவ்வளவு விரைவாகப் போகலாமா என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்கு முன் தம்பி போய்விட்டான். நேற்றே வந்திருந்தால் என்று அம்மா கேட்டபோது, தாதி ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உது மூளைக்கு ஏறின காய்ச்சல் அம்மா. நேரத்தோட வந்தாலும் சொல்லேலாது."

அந்தத் தாதி உண்மையைச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா? அதுவும் தெரியாது.

அந்த வாரம் எங்கள் ஊருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அப்பா பிக்கப்பை மறுபடி குற்றியில் ஏற்றினார். வெள்ளிக்கிழமை வழக்கம்போலச் சிரட்டையை எடுத்து இயந்திரத்தை முடுக்கினார். "ஏறுங்க" என்று சொல்லவில்லை. நானாக ஏறினேன். அம்மா குசினி அடுப்பை விட்டு வெளியே வரவில்லை. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவார். அன்று நிறுத்தவில்லை. சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருந்தன. பெற்றோல் வீணாகிறதே என்று எனக்குக் கவலை வந்தது. ஒரு சொட்டையும் வீணாக்காத மனிதர் மறந்து போனார் என்று நினைத்தேன். இறங்கிப்போய், "அப்பா, பெற்றோல் முடியப்போகுது" என்றேன்.

"தெரியும்மா" என்றார்.

இயந்திரம் இருமி, திணறி, தானாக நின்றது. அப்பா சுக்கானைப் பிடித்தபடியே இருந்தார். அவருக்குக் கஞ்சத்தனம் விட்டுப்போயிற்று, இனிமேல் எங்களை உண்மையாகவே பரந்தனுக்குக் கூட்டிப் போவார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நான் விளையாடப் போனேன்.

பின்னால் எங்களுக்கும் உண்மையாகவே ஓட வேண்டிய ஆண்டுகள் வந்தன. அப்போது அந்தப் பிக்கப் எங்களிடம் இருக்கவில்லை. நடந்துதான் போனோம்.

இப்போது வவுனியாவில் இருக்கிறேன். அலுமாரிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, உடுப்பு, பால்மா, காய்ச்சல் மருந்து. என் கணவர், "இன்னும் ஏன் இது?" என்று கேட்பார். நான் முடிச்சை இறுக்கிக் கட்டுவேன். போன கிழமை மகனுக்குக் காய்ச்சல். வீட்டிலிருந்த மருந்துப் போத்தல் வெறுமையாக இருந்தது. பைக்குள் புதுப் போத்தல் இருந்தது. அதை எடுக்கப் போன என் கை, முடிச்சின் மேல் கொஞ்சம் நின்றுவிட்டது. எடுத்தேன், கொடுத்தேன், அவன் சுகமாகிவிட்டான். ஆனால் கை ஏன் நின்றது?

இதை வாசிக்கிறவர்களிலும் இப்படிப் பை கட்டி வைத்திருக்கும் தாய்மார் இருப்பீர்கள். அதை அவிழ்த்துவிட்டு இருப்பது சரியா, இல்லை இருக்கட்டும் என்று விடுவதா? நான் அந்தப் புதுப் போத்தலுக்குப் பதிலாக இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன், அது மேசையில் இருக்கிறது. அதைப் பைக்குள் வைக்கவா வேண்டாமா என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.