ஏழாவது ஒலிப்பதிவு

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. கூட்டவும் முடியாது. இது யாருக்கு நடந்ததோ அந்தப் பெண் நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சி சொல்பவர் இருமினால்கூட ‘இருமினார்’ என்று போடுகிறவள். மணியைச் சுமாராகச் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை.

அவளுடைய அப்பா எழுத்தாளர். ஊரோடு ஒத்துப்போகாத எழுத்தாளர். பதினொரு வேலைகளில் சேர்ந்து பதினொன்றையும் விட்டவர். காகிதம் தீர்ந்துவிட்டது என்று ஒருமுறை குளியலறைச் சுவரில் ஒரு அத்தியாயத்தையே எழுதினார். வாடகை வீடு அது. ஒரு சங்கம் பரிசு கொடுத்தபோது, பாராட்டுப் பத்திரத்தில் இரண்டு எழுத்துப்பிழை இருக்கிறது என்று மேடையிலேயே திருத்தி, திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவந்தார். தோன்றினால் கிளம்பிவிடுவார். மூன்று மாதம் கழித்து வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு திரும்புவார். பேச்சுக்கு நடுவே குறுக்கிட்டுக்கொண்டே இருந்த மகளுக்குக் ‘கமா’ என்று பட்டப்பெயர் வைத்தார். அவரைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கேட்பவர்களுக்கு இதெல்லாம் சுவையாகத்தான் இருக்கும். வீட்டில் காத்திருந்தவர்களுக்கு அப்படி இல்லை.

கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. அடுத்த ஊரில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். “கமா, ஒரே ஒரு வாரம் வந்து உக்காரு. நான் சொல்லச் சொல்ல நீ அடி. ஒரு புத்தகம்தான் பாக்கி” என்று போனில் கேட்டார்.

“லீவு இல்லப்பா” என்றாள்.

லீவு இருந்தது. சின்ன வயதில் தான் காத்திருந்த மாதங்களுக்கெல்லாம் சேர்த்து அவர் ஒரு வாரமாவது காத்திருக்கட்டும் என்று நினைத்தாள். கையில் அடங்கும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வாங்கிக் கூரியரில் அனுப்பினாள். நேரில் கொண்டுபோய்க்கூடக் கொடுக்கவில்லை.

அனுப்பிய பதினெட்டாம் நாள் அவர் இறந்துபோனார். மாலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டுத் தையல்கார அம்மா மேலே போனபோது, கதவோரம் தரையில் விழுந்து கிடந்தாராம்.

எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் அந்தக் கருவியைத் தொட அவளுக்குத் தைரியம் வந்தது. ஏழு பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தேதி, மணி, நீளம் எல்லாம் சின்னத் திரையில் தெரிந்தன. அவள் பத்து நாள் விடுப்பு எடுத்தாள். அவர் உயிரோடு இருந்தபோது எடுக்காத அதே விடுப்பு.

திங்கட்கிழமை பிற்பகல் 2:10. கணவர் வேலைக்குப் போயிருந்தார். நல்ல வெயில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினாள். முதல் மூன்று பதிவுகளிலும் ஒன்றுமில்லை. அப்பாவின் கரகரத்த குரல், பின்னணியில் மின்விசிறி கிறீச்சிடும் சத்தம். ஒரு பேருந்து நடத்துநர் வீட்டுக்குப் போகாமல் ஊர் சுற்றும் கதை. அவருக்கே உரிய கதை.

நான்காவது பதிவு, எட்டாவது நிமிடம். வாக்கியத்தின் நடுவே அப்பா நிறுத்தினார்.

“யாரு?”

மின்விசிறி மட்டும் கிறீச்... கிறீச்...

நாற்பது விநாடி போனது.

“சரி, சொல்லு” என்றார் யாரிடமோ. பிறகு கதையைத் தொடர்ந்தார்.

யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், நடத்துநர் வலப்பக்கம் திரும்பியதாக அப்பா சொன்னார். “முன்னாடி இடதுன்னு சொன்னீங்களேப்பா” என்று அவள் வாய்தவறி முணுமுணுத்துவிட்டாள்.

“ஆமா, இடதுதான். மாத்திடு” என்றார் அப்பா.

அவள் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றன. தானாகத் திருத்திக்கொண்டிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்போது வாசல் மணி அடித்தது. 3:22.

“போய்ப் பாரு. நான் இருக்கேன்.”

அதைச் சொன்னது காதில் இருந்த குரல்.

எழுந்து போனாள். தண்ணீர் கேன் போடுகிறவர். கேனை உள்ளே வைத்து, சில்லறை தேடிக் கொடுத்துத் திரும்ப ஆறு நிமிடம் ஆனது. கருவியை நிறுத்தாமல் போயிருந்தாள். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினாள்.

“வந்துட்டியா?” என்றார் அப்பா.

இரவு கணவரிடம் சொன்னாள். அவர் பட்டறையில் மேற்பார்வையாளர். எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். பதிவைப் போட்டுக் கேட்டார். அப்பாவின் கேள்விகள் இருந்தன. நடுவே ஆறு நிமிட மௌனமும் இருந்தது.

“வயசானவர், தனியா இருந்திருக்கார். தானாப் பேசிக்கிறார். நீயா முடிச்சுப் போடாதே” என்றார்.

மறுநாள் காலை 9:40க்கே உட்கார்ந்துவிட்டாள். பயம் இருந்தது. ஆனால் அவரிடம் பேச வேண்டும் என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. ஐந்தாவது, ஆறாவது பதிவுகளில் அவள் எதையும் தட்டச்சு செய்யவில்லை. பேசினாள். விட்டுவிட்டு, விக்கி விக்கிப் பேசினாள்.

“என் மேல கோவமாப்பா?”

“கோவமா? அதுக்கெல்லாம் எனக்கு ஏது நேரம்?”

“நான் பொய் சொன்னேன். லீவு இருந்துச்சு.”

மின்விசிறி கிறீச்சிட்டது. வெகுநேரம்.

“அதான் இப்ப வந்துட்டியே, கமா.”

அந்தப் பெயரைக் கேட்டதும் மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பசி தெரியவில்லை. கணவர் வந்து விளக்கைப் போட்டபோதுதான் இருட்டிவிட்டது தெரிந்தது.

மிச்சம் ஒன்றே ஒன்று.

ஏழாவது பதிவு. திரையில் அவர் இறந்த தேதி. தொடங்கிய நேரம் பிற்பகல் 3:14. நீளம் 23 நிமிடம் 50 விநாடி.

“அதைக் கேக்காதே” என்றார் கணவர். “உனக்கு எதுவும் ஆயிடக் கூடாது.”

ஒரு நாள் முழுக்க அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். செத்தவர் செத்தவர்தான், போன நேரம் போனதுதான், அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவர் பதில் சொன்னாரே... தான் பேசுவது அவர் காதில் விழுகிறதே... இன்னும் கேட்காத ஒரே ஒரு பிற்பகல் பாக்கி இருக்கிறதே...

வியாழக்கிழமை காலை 10:20. கணவர் கிளம்பிப் போனதும் பூட்டைத் திறந்தாள்.

அழுத்தினாள்.

“எங்க விட்டோம்?” என்றார் அப்பா. மூச்சு வாங்கியது.

“அப்பா, கதையெல்லாம் வேண்டாம். நெஞ்சு வலிக்குதா?”

“...லேசா. காலையிலிருந்து.”

“கீழே போங்க. தையல்கார அம்மாகிட்டச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“வாக்கியம் பாதியில நிக்குதும்மா. முடிச்சிட்டுப் போறேன்.”

முடிக்கத் தொடங்கினார். அவள் கெஞ்சினாள். அவர் சிரித்தார், அடுத்த வாக்கியத்துக்குப் போனார். அதற்கடுத்ததற்கும். குரல் மெலிந்துகொண்டே வந்தது. திரையில் நிமிடங்கள் ஓடின. 17... 19... 21...

“எழுந்திருங்கப்பா!” என்று வீடே அதிரக் கத்தினாள்.

“சரி சரி... கத்தாதே. எழுந்துக்கிறேன்.”

நாற்காலி நகர்ந்தது.

செருப்பில்லாத கால்கள். மெதுவாக. ஒன்று... இரண்டு... ஐந்து... ஏழு...

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

அப்புறம், தொப்.

“அப்பா?”

கிறீச்... கிறீச்...

“அப்பா!”



23:41. ஒலிவாங்கிக்கு மிக அருகில் யாரோ மூச்சு விட்டார்கள்.

23:50. டிக்.

நின்றது.

கருவி தானாக நிற்காது. யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். அது மேசைமேல் இருந்தது. அப்பா ஏழு அடி தள்ளி, கதவோரம் கிடந்தார்.

அடுத்த வாரம் அறையைக் காலி செய்யப் போனாள். தையல்கார அம்மா, கழுத்தில் அளவுநாடாவோடு எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசி நேரத்துல நீ கூட இருந்தியேம்மா. அந்த மனுஷனுக்கு அதுவே போதும்.”

“நானா?”

“நாலஞ்சு நாளா ஒரே பேச்சுச் சத்தம். நீ அழுததுகூடக் கேட்டுச்சு. அப்பனும் மகளும் பேசித் தீர்த்துக்கட்டும்னுதான் நான் மேலே வரலை.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா அன்னிக்கு நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா.”

“எப்படி?”

“நீ கத்தினே. அப்புறம் ஏதோ விழுந்த சத்தம். எனக்கு முட்டிவலி, மெதுவா மேலே ஏறி வந்து தட்டினேன். மூணே முக்கால் இருக்கும். நீ கதவைத் திறக்கவே இல்லை. ‘ஒண்ணுமில்லை, நாற்காலிதான் விழுந்துச்சு. அப்பா எழுதிட்டிருக்கார், தொந்தரவு பண்ணாதீங்க’ன்னு உள்ளேயிருந்தே சொன்னியே. சிரிச்சுக்கிட்டே சொன்னே.”

அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுதபோதும் சொல்லவில்லை, கத்தியபோதும் சொல்லவில்லை.

“அது நான் இல்லம்மா.”

“உன் குரல் எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை போன்ல பேசியிருக்கோம். ஒண்ணுதான் எனக்குப் புரியலை... படிக்குக் கீழேதான் மிஷின் போட்டு உக்காந்திருந்தேன். ஆறு மணிவரைக்கும் யாரும் இறங்கி வரலையே. நீ எப்படிப் போனே?”

அன்று மாலையே பழைய காகிதங்களில் தேடி மருத்துவரின் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். அதுவரை அதைப் படிக்க அவளுக்கு மனம் வந்ததில்லை.

உயிர் பிரிந்த நேரம்: மாலை 5:15.