விரதம் முறியாத புகை

முப்பது வருடம் சிகரெட் குடித்தவன் நான். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் தொட்டதில்லை. அன்று விரதம். மாலையில் ஊஸ்டரில் ரயிலேறி அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போவேன். பூசை முடிவில் பதிகம் பாடுவது என் பொறுப்பு. உணவக அடுக்களையில் கோப்பை கழுவுகிற எனக்கு, புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் கிடைத்த ஒரே மரியாதை அந்தப் பாட்டுத்தான். ஒரு வரியை மூச்சு விடாமல் இழுத்து முடிப்பேன். சனம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

மூன்று வருடத்துக்கு முன், சிகரெட்டை விடச்சொல்லி மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறினேன். மாம்பழ வாசம்.

"இப்பதான் வீட்டுக்குள்ள மனிசர் இருக்கலாம்," என்றாள்.

முதல் வெள்ளிக்கிழமை அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நெருப்பில்லை, சாம்பலில்லை, நாற்றமில்லை.

"இது புகையில்லையப்பா, ஆவி. விரதம் முறியாது," என்றேன் மனைவியிடம்.

"ஆவியெண்டால் பிழையில்லைத்தான்," என்றாள் அவளும்.

மாம்பழத்துக்காக மலையேறியவன் இதற்கா கோபிக்கப் போகிறான் என்று பகிடி வேறு விட்டேன். மடையன். என் நெஞ்சுக்கு வாரத்தில் கிடைத்து வந்த ஒரு நாள் ஓய்வும் அன்றோடு போனது. ரயில் மேடையில், கோயில் செருப்புத்தட்டுக்குப் பக்கத்தில், நினைத்த இடத்திலெல்லாம் இழுத்தேன்.

இருமல் முதலில் காலையில் மட்டும் வந்தது. பிறகு பாட்டின் நடுவில் வந்தது. கந்தசஷ்டியன்று இரண்டாம் வரியிலேயே மூச்சு அறுந்தது. நுரையீரல் வைத்தியரிடம் போனேன். குழாயில் ஊதச் சொல்லி, "வைட்டர், வைட்டர்" என்று தாதி பக்கத்தில் நின்று விரட்டினாள். இன்னும் ஊது என்கிறாள். என்னிடம் இன்னும் என்று ஒன்று இருக்கவில்லை. மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிட்டன, சிகரெட் கெடுத்ததை வேப்பும் ஆறவிடவில்லை, போனது திரும்பாது, இப்போதாவது நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் வைத்தியர். தலையாட்டினேன். நிறுத்த முடியவில்லை. வெட்கங்கெட்ட கை.

கோயிலில் எனக்குப் பதிலாக வேறு ஆள் தேடவில்லை. பழைய திருவிழா ஒன்றில் பதிந்து வைத்த என் குரலையே ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். போன வெள்ளிக்கிழமை தீபாராதனை முடிந்ததும் அது எழுந்தது. அந்த நீண்ட வரியை ஒலிபெருக்கியில் இருந்தவன் இழுத்துக்கொண்டே போனான், கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு மூச்சு முட்டியது. இருமல் பிடித்துக்கொண்டது. அடக்க அடக்கக் கூடியது. முன்னால் நின்றவர் கோயிலுக்குப் புதியவர். திரும்பி, மரியாதையாகத்தான் சொன்னார்.

"அண்ணை, கொஞ்சம் வெளியில போய் இருமுங்கோ. பாட்டுக் கேக்குதில்லை."

மனைவி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று அவள் கையை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். அழுகை வந்தது. அழுவதற்கும் மூச்சு வேண்டியிருக்கிறது.

செருப்புத்தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே நான் இன்னும் பாடிக்கொண்டிருந்தேன். வேட்டி மடியிலிருந்து வேப்பை எடுத்து வாயில் வைத்தேன்.