மாஸ்டரின் முதுகுவலி

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குப் போதைக்காரர்களைக் கண்டாலே ஆகாது. பழக வந்தவர்களை ஓட்டவிட்டுப் பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டு, தெருமுனையில் நிற்பவர்களைக் காட்டி, உருப்படாத கூட்டம் என்று கரித்துக்கொட்டுவார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே கண் சொக்கிவிடும். அவர் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை யாரும் நம்பவில்லை. அதனாலோ என்னவோ, அவரிடம் படித்தவர்கள் சீக்கிரமே ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

அவருக்கு இருந்தது முதுகுவலியாம். ஐந்து வருஷத்துக்கு முன்பு நிஜமாகவே இருந்தது. டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த ரோஸ் நிற மாத்திரையில் வலி போனது, மாத்திரை போகவில்லை. தினம் இரண்டு என்பது ஆறானது. ஊரில் இருந்த ஒவ்வொரு டாக்டரிடமும் ஒவ்வொரு தினுசாக முனகினார். எல்லாரும் கைவிரித்த மாதத்தில்தான் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மனுஷனுடைய அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவளுக்கு அதே ரோஸ் மாத்திரையை எழுதியிருந்தார்கள். அதை இவர் விழுங்கினார். அவளுக்கு அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரையைத் தேடிப் பிடித்து வாங்கி, தலையைத் தாங்கி, தண்ணீர் கொடுத்து விழுங்கவைத்தார். பார்க்க வந்தவர்கள், இப்படி ஒரு புருஷனா என்று மெச்சினார்கள். அவரும் மறுக்கவில்லை. அவள் வலி பொறுக்காமல் தலையணையைக் கடித்தபோது, எல்லாவற்றுக்கும் மாத்திரையையே நம்பக் கூடாது என்று உபதேசம் வேறு. வெட்கமும் தலைமுடியும் அவருக்கு ஒன்றாகவே கொட்டிவிட்டன போலும்.

ஒரு நாள் அவள், ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை இதைவிடச் சின்னதாக இருந்ததே என்று கேட்டாள். கம்பெனிக்காரன் மாற்றிவிட்டான் என்றார். சொல்லும்போதே அவர் இமைகள் தானாக மூடிக்கொண்டன. அவள் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

மறுபடி டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. மாஸ்டரிடம் இரண்டே மாத்திரை மிச்சம். அறைக்குள் நுழைந்ததும் அவரே முந்திக்கொண்டு, வலி குறையவே இல்லை, அளவைக் கூட்டி எழுதினால் தேவலை என்றார். டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டே அவளிடம் கேட்டார்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"வலியே இல்ல டாக்டர். மாத்திரை வேண்டாம்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் சொல்கிறாள், வீம்பு பிடித்தவள், நீங்கள் எழுதுங்கள் என்று பதறினார். டாக்டர் நடந்து காட்டச் சொன்னார். அவள் வாக்கரைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். கதவுவரை நடந்தாள். டாக்டருக்கு முதுகு தெரிந்த அந்த நாலு அடியிலும் பல்லைக் கடித்தாள், திரும்பியபோது சிரித்தாள். பரவாயில்லையே என்று டாக்டர் பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் மாஸ்டர் சீறினார். "உனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுகிட்டேதானே சத்து மாத்திரை குடுத்தீங்க. மானத்தை வாங்க வேண்டாம்னுதான் உள்ள அதைச் சொல்லல. வலியில்லன்னு மட்டும் சொன்னேன்."

அவளால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்தபடியே பெஞ்சில் சரிந்து, வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை உள்ளே டாக்டர் காதில் விழுகிறதா என்று மாஸ்டர் ஆசையோடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.