ரெஜினாவின் கலியாணத்தில் நான் பிடித்த ஒற்றைச் சுரம்

போன கிழமை கல்லடியில் மா மில்லுக்குப் போயிருந்தேன். வறுத்த அரிசி வாசம் மூக்கை அடைக்க, இரண்டு இயந்திரங்கள் ஓடின. ஒன்று அடியில் ‘ம்ம்’ என்று நின்றது, மற்றது அதற்கு மேலே பஞ்சமத்தில். என்னையறியாமல் அடிச்சுரத்தோடு சேர்ந்து முனகிவிட்டேன். பெல்ட் ஏதும் அறுந்துவிட்டதோ என்று மில்காரர் ஓடிவந்து பார்த்தார். என் குரல்வளம் அப்படி.

இந்தக் கிறுக்கை எனக்குத் தந்தவள் ரெஜினா. போன் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த காலம். ஒருநாள் இணையத்தில் எதையோ தேடப்போனவள், ஐரோப்பியத் துறவிகளின் மிகப் பழைய பூசைப் பாட்டு ஒன்றில் விழுந்துவிட்டாள். வாத்தியமே இல்லை. ஒரு குரல் ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கிறது, இன்னொரு குரல் அதன்மேல் ஏறி இறங்கி விளையாடுகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அதுவரை எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடிவந்தார்களாம். பிரிந்து பாடும் துணிச்சல் முதலில் யாருக்கு வந்ததோ, அந்த மனிதர் நன்றாயிருக்கட்டும்.

“என்ட கலியாணப் பூசைக்கு இதத்தான் பாடணும். நீயும் ஸ்டெல்லா மச்சாளும்” என்றாள். ஸ்டெல்லா அவளுடைய மாமன் மகள்.

“நான் சைவம்கா.”

“ஒத்தச் சுரம் பிடிக்கிறதுக்கு என்ன சமயம் புள்ள?”

லேசு என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் கோயில் பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அப்படியே வாங்கிப் பாடுவோம். விலகினால் பிழை. அந்தப் பழக்கத்தில் ஸ்டெல்லா மேலே ஏறினால் நானும் மரியாதையாகப் பின்னால் ஏறிவிடுவேன். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தோம், பஞ்சையும் தாண்டி மரியாதை வந்தது.

“நீ அசைஞ்சா பாட்டே இல்ல” என்று ரெஜினா அழாக்குறையாகச் சொன்னாள். நாங்கள் சொதப்பினால் உடனே தொடங்க, மாப்பிள்ளை வீட்டார் ஒரு கீபோட்காரரைப் பேசி வைத்திருந்தார்கள்.

கலியாணத்தன்று ரெஜினா தேவாலய வாசலிலிருந்து நடந்து வந்தாள். ஸ்டெல்லா ஏறினாள். பாழாய்ப்போன என் குரலும் கூடவே கிளம்பியது. கீபோட்காரர் விரல்களை நீட்டிக்கொண்டார். அப்போது மணப்பெண்ணின் முகத்திரைக்குள்ளிருந்து என் சுரம் வந்தது. அசையாமல், தெளிவாக. பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

“பொம்பிளை தன்ட கலியாணத்துக்குத் தானே பாடுறாகா!” என்றார் ஒரு மாமி. நாலு பேர் சிரித்தார்கள். மூன்று குரலும் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தன. ஒரே இடத்தில் நின்றுகொண்டு அவ்வளவு சந்தோசப்பட்டது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

அந்தக் கடை இப்போது பேக்கரி. ரெஜினா கனடாவில், ஸ்டெல்லா இத்தாலியில். கலியாண வீடியோ என்னிடமும் ஒன்று இருக்கிறது. வீடியோக்காரர் நல்ல மனதோடு அந்த இடம் முழுக்க ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார். நாங்கள் பாடியது எங்கும் இல்லை. முகத்திரைக்குள் ரெஜினாவின் உதடுகள் மட்டும் அசைகின்றன. பார்ப்பவர்கள் அவள் செபம் சொல்கிறாள் என்கிறார்கள்.