என் கணினிக்குத் தேதி தெரியாது

செல்லூரில் கணினிகள் வைரஸால் செத்ததாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. பஞ்சால் செத்தன. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலையில் அவை ஓட ஆரம்பித்தால் நூல்தூசு காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். மனிதனுக்கு அது இருமலாக வரும். கணினிக்குள் போனால் காற்றாடியை அடைத்து, பெட்டியைச் சூடாக்கி, வேலையின் நடுவே அணைத்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் உள்ளே கூட்டிப் பஞ்சை அள்ளுவேன். என் மனைவி அதைப் பார்த்து, "இன்னும் ரெண்டு தடவ கூட்டுனா ஒரு தலகாணி ஆகும்" என்பாள்.

ஒருநாள் பெட்டி உயிர்பெறாமல் கூவிக்கொண்டே இருந்தது. உள்ளே 'ரேம்' என்று ஒரு சின்னப் பலகை இருக்கும். அதைப் பிடுங்கி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினேன். ஓடியது. அந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் மூன்று தெருக்களுக்குப் போய்விட்டது. ஒரு தனியார் அலுவலகத்தில் தட்டச்சு செய்து வயிறு கழுவிக்கொண்டிருந்த என்னை அன்றுமுதல் கம்ப்யூட்டர் டாக்டர் என்றார்கள். என் சிகிச்சைகள் மொத்தம் மூன்று: கூட்டுவது, தேய்ப்பது, பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவது. நிஜ டாக்டர்கள் சிலரிடம் இதைவிடக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

இந்தப் புகழோடு நின்றிருக்கலாம். கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஜாதகம் கணிக்கிற மென்பொருள் ஒன்றைக் குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்தார். பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் போதும். கட்டம் போட்டு, தசாபுத்தி எழுதி, கடைசியில் 'தற்போதைய நிலை' என்று நான்கு வரி பலனும் சொல்லும். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. நிறையப் படித்தவன் என்ற நினைப்பு இருந்ததால், நம்பிக்கை இல்லை என்பதை எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் அச்சடித்துக் கொடுப்பேன். சனிக்கிழமை தோறும் வாசலில் செருப்புகள் சேர்ந்தன.

"நீங்க படிச்ச பொஸ்தகத்துக்கெல்லாம் ஒருத்தரு வாசல்ல வந்து நின்னதில்ல. நம்பாத சமாச்சாரத்துக்கு எம்புட்டுக் கூட்டம் பாருங்க" என்றாள் மனைவி.

கணினியின் உள்ளே, மதர்போர்டில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோது தேதியையும் மணியையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. வாங்கிய மூன்றாம் வருடம் அது செத்துப்போனது. அதன்பிறகு கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கறுப்புத் திரையில், நேரம் தெரியவில்லை, F1 அழுத்து என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அழுத்தினால் ஓடும். ஆனால் அதன் மனதில் அன்று 1998 ஜனவரி ஒன்றாம் தேதி. ஆரம்பத்தில் மூலையில் இருக்கும் கடிகாரத்தைத் தட்டித் தேதியைத் திருத்தினேன். பிறகு அதையும் விட்டேன். என்னிடம் கணினிப் பராமரிப்பு பற்றித் தடியாக ஒரு புத்தகம் இருந்தது. அந்தப் பேட்டரிக்கென்றே அதில் ஒரு பக்கம். படித்தேன், புரிந்தது, மாற்றவில்லை. என்னைப் போன்றவர்களுக்குப் படித்துவிட்டாலே செய்து முடித்த மாதிரிதான்.

பக்கத்துத் தெருவில் சாயப்பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒரு தை மாதம் வந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் மொழி; வாசலுக்கு வந்தால் எங்களைவிடச் சுத்தமான மதுரைப் பேச்சு. முழங்கைவரை ஏறியிருக்கும் நிறத்தைப் பார்த்தால் அன்றைக்குப் பட்டறையில் என்ன நூல் முக்கினார் என்று சொல்லிவிடலாம். அன்று நீலம். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நர்சரிப் பள்ளி ஆசிரியை, இருபத்தெட்டு வயது. பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, வீட்டுக்குப் போய் யோசிக்கிறோம் என்று சொன்னவர்களே அதற்குள் ஒரு பஸ் நிறையச் சேர்ந்திருந்தார்கள். அவளுக்கு முடியாமல் இளையவளுக்குப் பேச முடியாது.

"இந்தத் தடவ கூடி வந்துரும் தம்பி. பையனுக்கும் பிடிச்சிருக்கு, இவளுக்கும் பிடிச்சிருக்கு. பையனோட தாய்மாமா மட்டும் புதுசா கம்ப்யூட்டர் ஜாதகம் ஒண்ணு கேக்குறாரு. எங்க நோட்டு நனைஞ்சு கட்டம் பூரா சாயம் பாஞ்சிருச்சு. எது சனி எது செவ்வாய்னு தெரியல."

"எல்லாம் ஒரே கலர் ஆயிருச்சுன்னா தோஷமே இல்லைன்னு அர்த்தம்ண்ணே" என்றேன். சிரித்தார்.

விவரங்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. செல்லூரில் கரண்ட் போவது காதில்தான் முதலில் தெரியும். தெருவிலுள்ள தறிகளெல்லாம் ஒரே நொடியில் நிற்கும். இருவரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் மகளைப் பற்றிச் சொன்னார். இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பள்ளிக்கு லீவு போடுவதில்லையாம். வந்துபோனபிறகு சொல்லுங்கள் என்கிறாளாம். இந்தப் பையனுக்குத்தான் லீவு போட்டாளாம்.

கரண்ட் வந்தது. F1 அழுத்தினேன். விவரங்களை மறுபடி தட்டினேன். தேதியைத் திருத்தவில்லை. பிறந்த தேதிதானே முக்கியம் என்று நினைத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் எதுவுமே நினைக்கவில்லை. பிரிண்டர் கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று தாள்களைத் தள்ளியது.

பெரியவர் கடைசித் தாளை முதலில் படித்தார். எல்லோரும் அப்படித்தான். 'தற்போதைய நிலை: மகர ராசி, ஜென்மத்தில் குரு. வியாழ நோக்கம் இல்லை. திருமணப் பேச்சைத் தள்ளிவைப்பது நலம்.' வியாழ நோக்கம், அதாவது குருவின் நல்ல பார்வை, வந்தால்தான் கல்யாணம் கூடும் என்பது எங்கள் பக்கத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. அவர் அந்த வரியை இரண்டாவது தடவையும் விரலை வைத்துப் படித்தார்.

"அண்ணே, இதெல்லாம் குப்ப. கடைசித் தாள எடுத்துட்டு மிச்சத்தக் குடுங்க" என்றேன்.

"குப்பன்னா நீங்க எதுக்குத் தம்பி அச்சடிச்சுத் தாரீங்க?"

அவர் மூன்று தாள்களையும் ஒன்றாக மடித்தார். "பொண்ணு விசயத்துல மறைச்சோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அப்படியே குடுக்கேன். வாரேன்."

கொடுத்தார். தாய்மாமா ஒரு தடவை படித்துவிட்டு, "மனுசன் போட்டாத் தப்பு வரும், இது கம்ப்யூட்டர் போட்டதாச்சே" என்றாராம். தெருமுனையில் உட்கார்ந்திருந்த எந்த ஜோசியரிடம் காட்டியிருந்தாலும், குரு எங்கேயோ இருக்கிறார், இவர்கள் எங்கேயோ எழுதியிருக்கிறார்கள் என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். யாரும் காட்டவில்லை. கணினி சொன்னதைக் கிளி வைத்திருப்பவரிடம் சரிபார்ப்பது அப்போது நாகரிகமாக இல்லை. ஒருவேளை மாமாவுக்கு வேறு இடம் மனதில் இருந்து, ஒரு சாக்குத் தேவைப்பட்டிருக்கலாம். இந்த 'ஒருவேளை'யை நான் பல வருடங்களாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பங்குனியில் அந்தப் பையனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் முடிந்தது.

ஆவணியில் ஒருநாள் நான் எழுதிவைத்த விண்ணப்பம் ஒன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை. தேதி வரிசையில் அது 1998 என்ற தேதியோடு, கணினி வாங்கிய புதிதில் சேமித்த கோப்புகளுக்கும் கீழே போய்க் கிடந்தது. எனக்கு நஷ்டம் என்று வந்ததும் சுறுசுறுப்பு வந்தது. கோரிப்பாளையத்தில் கடிகாரக் கடை வைத்திருந்தவரிடம் போய் செத்த பேட்டரியைக் காட்டினேன்.

"எம்புட்டு நாளாண்ணே இது இப்படி?"

"ஒரு வருசம் இருக்கும்."

"அப்ப இந்த ஒரு வருசமும் நீங்க எந்த வருசத்துல இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, திருப்புளி நுனியால் கவ்வியைத் தள்ளி, புதியதை அழுத்தினேன். டிக் என்று உட்கார்ந்தது. ஒரு நிமிட வேலை. தேதியைச் சரிசெய்து, எல்லாம் ஓடுகிறதா என்று சோதிக்க ஜாதக மென்பொருளைத் திறந்தேன். சேமித்த பெயர்களின் பட்டியலில் பெரியவரின் மூத்த மகள் பெயர் இருந்தது. சோதனைக்கு ஏதாவது ஒன்று வேண்டும், அதைத் தட்டினேன்.

'தற்போதைய நிலை' வேறு என்னவோ சொன்னது. அதே பிறப்பு, அதே கட்டம். பலன் மட்டும் மாறியிருந்தது. தேதியைப் பெரியவர் வந்த தையில் வைத்துப் பார்த்தேன். மகரத்துக்கு ஏழாம் இடத்தில் குரு. பூரண வியாழ நோக்கம். உடனே திருமணம் கூடும். 1998 ஜனவரி ஒன்று என்று வைத்தேன். ஜென்மத்தில் குரு, தள்ளிவைப்பது நலம். மறுபடி அன்றைய தேதிக்கு வந்தேன். எட்டில் குரு. வியாழ நோக்கம் அந்த ஆடி மாதத்தோடு முடிந்துவிட்டது.

நம்பிக்கை இல்லாதவன் இதற்கெல்லாம் கலங்கக் கூடாது. நவக்கிரகங்கள் பொய் என்றால் பொய்யில் சரியான பொய், தவறான பொய் என்று உண்டா என்ன? இப்படி ஒரு வாதத்தைத் தயார்செய்து மனைவியிடம் சொன்னேன்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நம்பாத நீங்க நல்லாத்தான இருக்கீங்க. நம்புன வீட்டுல தான அந்தப் புள்ள உக்காந்திருக்கா."

அதே பட்டியலில் அந்த வருடத்துப் பெயர்கள் இன்னும் எத்தனையோ இருந்தன. அவர்களில் யார் வீட்டுக்கும் நான் போகவில்லை. இவள் வீட்டுக்கு மட்டும், அன்றைய தேதிக்குத் திருத்திய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். போகுமுன் தேதியைத் தைக்குத் திருப்பி, நல்ல பலனாக ஒன்று அச்சடித்துக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். அது யாருக்கு என்ன பயன் என்று தெரியாததால் விட்டேன். நேர்மையால் அல்ல.

பெரியவர் பட்டறையில் இருந்தார். மூத்தவள்தான் கதவைத் திறந்தாள். முன்னறையில் பிள்ளைகளின் கோடுபோட்ட நோட்டுகள் அடுக்கியிருந்தன. சிவப்புப் பேனா கையில்.

நின்றபடியே சொன்னேன். பேட்டரி, தேதி, தை, எல்லாம். பாதியில் நானே பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. நிறுத்தினேன். தாளை வாங்கிப் படித்தாள்.

"அப்ப தையில நல்லாத்தான் இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சும்மா."

"இப்ப இல்ல."

"இப்ப இல்லன்னு இது சொல்லுது. இதெல்லாம் சும்மா..."

"ஒரு பேட்டரி எம்புட்டுண்ணே இருக்கும்?" என்று கேட்டாள். சொன்னேன். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்; அதற்குத்தான் போனதே. அவள் தாளை நான்காக மடித்து என்னிடமே நீட்டினாள்.

"அப்பாகிட்ட இதச் சொல்லாதீங்க. அந்தத் தாள அவருதான் கொண்டுபோயிக் கையில குடுத்தாரு. என் நேரம் சரியில்லன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு, அதனால தூங்குறாரு. நல்ல நேரம் வந்துச்சு, நம்மளே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டோம்னு தெரிஞ்சா, அந்த மனுசன் என்னத்துக்கு ஆவாரு?"

"பையன் வீட்டுலயாவது..."

"அவுக வீட்டுல இப்ப ஒரு பொண்ணு இருக்காண்ணே. எதுக்கு?"

அப்போது பெரியவர் வந்துவிட்டார். கையில் பச்சை. "என்ன தம்பி, இவ்வளவு தூரம்?" என்றார், அடுத்த தெருவிலிருந்துதான் போயிருந்தேன். மகள் என்னை முந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ஓடவில்லை, கேட்க வரச் சொன்னேன் என்றாள். அவர் காபி போடச் சொன்னார். குடித்தேன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரே கிடையாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கலாம், கேட்கவில்லை.

அடுத்த மாதம் மூத்தவளே அப்பாவிடம் பேசி, தனக்காகக் காத்திருக்க வேண்டாம், தங்கைக்குப் பார்க்கலாம் என்று சம்மதிக்க வைத்துவிட்டாள். பெரியவர் சின்னவளின் பிறந்த குறிப்போடு என்னிடம்தான் வந்தார். நான் ஜாதகம் போடுவதை விட்டுவிட்டேன் என்றேன். "உங்களுக்கு எங்க மேல என்ன வருத்தம் தம்பி?" என்று கேட்டார். தேதியை மூன்று முறை பார்த்துவிட்டு அச்சடித்தேன். நல்ல பலன்தான் வந்தது.

தையில் கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவி வெளியே நழுவப் பார்த்த என்னைப் பெரியவர் பிடித்து, சம்பந்தியிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"மூத்தவளுக்குப் பாத்தப்ப ஊரே நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுதான் சொல்லுச்சு. நேரம் சரியில்லன்னு மூஞ்சிக்கு நேரா எடுத்துக் குடுத்தது இவரு கம்ப்யூட்டரு ஒண்ணுதான். அதான் சின்னவளுக்கும் இவருகிட்டயே போட்டேன்."

சம்பந்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் தம்பி வீட்டிலும் ஒரு பெண் இருக்கிறதாம், குறிப்பை எடுத்துக்கொண்டு எப்போது வரலாம் என்று கேட்டார். பக்கத்தில் மூத்தவள் தாம்பூலப் பைகளை எடுத்து வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழம அஞ்சு மணிக்கு மேல போங்க மாமா. அண்ணன் வீட்டுலதான் இருப்பாரு" என்று அவளே பதில் சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு பையைக் கொடுத்தாள்.