கண்ணாடி வளையலுக்கு அனுமதி இல்லை

சிறை வாசலில் நின்ற அத்தையின் கைகள்தான் எப்போதும் முதலில் நினைவுக்கு வருகின்றன. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். முந்தின நாள்தான் வளைகாப்பு நடந்திருந்தது. கழுவியும் போகாத சந்தனம் காதோரம் காய்ந்து கிடந்தது. தோளில் தொங்கிய துணிப்பையில், வளைகாப்புக்குக் கிளறிய கலவைச் சாதங்களில் உள்ளே இருந்த மாமாவுக்கென்று எடுத்துவைத்த பங்கு இருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கூடப் போனால் தங்கள் பெயரையும் வழக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று தெருவில் ஆண்கள் எல்லோரும் பயந்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தனியே அனுப்பவும் மனமில்லை. அதனால் துணைக்கு என்னை அனுப்பினார்கள். திண்டிவனம் வந்து, இன்னொரு பேருந்து மாறிப் போனோம்.

மாமா செய்த குற்றத்தை இப்போது சொன்னால் இதற்கா சிறை என்று தோன்றும். எங்கள் தெருவிலிருந்து மயானத்துக்குப் போக வயல் வரப்புதான் வழி. மழைக்காலத்தில் பாடையைச் சுமந்துகொண்டு சேற்றில் இறங்க வேண்டும். ஊர்த்தெரு வழியாகப் போனால் நல்ல சாலை உண்டு, ஆனால் எங்கள் பிணம் அதில் போகக் கூடாது. ஒரு மழை நாளில் மாமாவும் சிலரும் ஒரு பெரியவரின் பாடையை அந்தச் சாலையில் தூக்கிப் போனார்கள். தள்ளுமுள்ளு ஆனது. கலவரம் செய்ததாக மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஊர்த்தெருப் பெரியவர்களிடமிருந்து சேதி வந்தது. கோயில் முன்னால் எல்லோர் காலிலும் விழுந்து, இனி அந்தப் பக்கம் வர மாட்டோம் என்று சொல்ல ஒப்புக்கொண்டால், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்களாம். பிரசவத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அத்தை முந்தின முறை பார்க்கப் போனபோது, கம்பிவலைக்கு அப்பாலிருந்து மாமா அவளிடமே கேட்டிருக்கிறார்: “நீயே சொல்லு. விழுந்துட்டு வந்துடட்டுமா?” அத்தை பதில் சொல்லாமல் திரும்பிவிட்டாள். சொல்லாமல் வந்த அந்தப் பதிலோடுதான் அன்றைக்குப் போனாள்.

வாசல் காவலர் அவள் கைகளைப் பார்த்தார். “வளையலக் கழட்டி வெச்சிட்டுப் போம்மா. கண்ணாடி உள்ள போவக் கூடாது.”

“வலி எடுக்கற வரிக்கும் இதக் கழட்டக் கூடாது சார். நேத்துதான் போட்டாங்க.”

“ரூலும்மா. நான் இன்னா பண்றது?”

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண் நான்கு பொன் வளையல்களோடு உள்ளே போனாள். அவளை யாரும் நிறுத்தவில்லை. கண்ணாடியால் கையை அறுத்துக்கொள்வார்கள் என்பது காரணமாம். காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் கண்ணாடி வளையல் போட்டு வருகிறவர்கள் யார் என்று எனக்கு அந்த வயதிலும் தெரிந்தது.

அத்தை கழற்ற மாட்டேன் என்று நின்றாள். கழற்றிவிடு அத்தை என்று நான் கெஞ்சினேன். எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். அவள் சிறையின் பக்கச் சுவரோரம் நடந்துபோனாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். குலுக்கினாள். உள்ளேயிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

“ஏம்மா, இன்னா கூத்து இது?” என்றார் காவலர்.

வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள், “கையத்தான ஆட்டிக்கினுகீது பொண்ணு, அதுக்கும் ரூலு வெச்சிருக்கீங்களா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். காவலரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாளே சாதப்பையை வாங்கிக்கொண்டு, “உன் ஊட்டுக்காரர்கிட்ட இன்னா சொல்லணும்?” என்று கேட்டாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். பிறகு, “புள்ள நல்லா உதைக்குதுன்னு சொல்லுங்க” என்றாள்.

மாமா காலில் விழவில்லை. குழந்தை பிறந்து, தலை நின்ற பிறகுதான் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது. “வளையலக் குலுக்கியே விழாதன்னு சொன்னா உங்க அத்த” என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். நானும் அதை அப்படியே நம்பி வளர்ந்தேன்.

இப்போது விழுப்புரத்தில் என் மடியிலும் ஒரு குழந்தை. தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறேன். பார்த்தது சரிதானா என்று மறுபடி பார்க்கிறேன். கணவர் வேலையாக இரண்டு நாள் சென்னை போனாலே மணிக்கு ஒரு தடவை போன் செய்கிறேன். குழந்தையின் அப்பாவை வர வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியுமா? முடியாது என்றால் நான் எப்படிப்பட்டவள்? போன வாரம் குழந்தையைப் பார்க்க அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். கேட்டே விட்டேன்: “எப்படி அத்தை உன்னால முடிஞ்சுது?”

அத்தை தொட்டில் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “உண்மையச் சொல்லவா? விழுந்தாவது வந்துடுன்னு சொல்லத்தான் அன்னிக்குப் போனேன். அத்தினி பேரு முன்னாடி வளையலக் கழட்ட மாட்டேன்னு நின்னுட்டு, அடுத்த மூச்சுல போயி விழுன்னு சொல்லியனுப்ப வாய் வரல. அவ்ளோதான்.”

மாமா பக்கத்தில்தான் இருந்தார், என் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு. இத்தனை வருடப் பெருமையை அவர் எதிரிலேயே இப்படி உடைத்துவிட்டாளே என்று நினைத்தேன்.

“எனக்குத் தெரியும்” என்றார் மாமா.

“இன்னா தெரியும்?”

“நீ அதத்தான் சொல்ல வந்தேன்னு. உன் மூஞ்சப் பாத்தா விழுந்துடுவேன்னு எனக்கே பயம். சத்தம் கேக்குது, ஆனா நீ உள்ள வரல. அப்பாடான்னு இருந்துச்சு.”

“அடப்பாவி! நான் அங்க வயித்தத் தூக்கிக்கினு வெயில்ல நிக்கறேன், உனுக்கு அப்பாடாவா?” அத்தை கையிலிருந்த துணியை அவர் மேல் வீசினாள். சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மெதுவா” என்றார் மாமா, துணியைத் தோளிலிருந்து எடுத்துக் குழந்தையின் முதுகில் போர்த்தியபடி. “புள்ள இப்பத்தான் தூங்குது.”